மேல் தட்டு காலியான வரலாறு

உலகத்தில் இத்தனை துன்பம் ஏன் என்று ஞானிகள் தாடி வளர்த்து யோசித்தார்கள். அரசாங்கங்கள் கமிஷன் போட்டு யோசித்தன. ஒருவருக்கும் பிடிபடவில்லை. விடை கடைசியில் கேரளத்துத் திருவல்லாவில், ஷாரோன் ரெசிடென்சி என்ற அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகக் குழுக் கூட்டத்தில், கட்லெட்டுக்கும் காபிக்கும் இடைப்பட்ட நேரத்தில் கிடைத்தது. மனித குலத்தின் சகல துன்பங்களுக்கும் காரணம் துணி அலமாரி.

கண்டுபிடித்தவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஈப்பன் சார். மின்வாரியத்தில் பெரிய பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்பது அலுவலகக் கோப்பில் நடந்ததே தவிர அவர் உடம்பில் நடக்கவில்லை. வாரத்துக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. ‘லிஃப்டில் மீன் கொண்டு செல்வோர் கடைப்பிடிக்க வேண்டிய நெறிமுறைகள்’ அவர் இயற்றியதுதான். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு நாள் குளித்துவிட்டு வந்து வேட்டியைத் தேடினார். கிடைக்கவில்லை. உலகத்தைப் புரட்டிப்போட்ட விஷயங்களெல்லாம் இப்படித்தான் அற்பமாக ஆரம்பிக்கின்றன.

“எடீ சோசம்மா! இந்த அலமாரி சாதாரண அலமாரி இல்லடீ. இது ஒரு சமூகப் பிரச்சினை!”

அவர் மனைவி சோசம்மா அடுக்களையில் கப்பைக் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தாள். “கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க இச்சாயா. உங்க பிரச்சினை உங்க மூக்குக்கு நேரா தொங்குது.”

வேட்டி கிடைத்துவிட்டது. ஆனால் அதற்காகக் கண்டுபிடிப்பைக் கைவிட முடியுமா? அந்த ஞாயிற்றுக்கிழமையே குழு கூடியது. குடியிருப்பிலுள்ள அத்தனை அலமாரிகளையும் ‘விடுதலை’ செய்வது என்றும், அதற்குக் கொச்சியிலிருந்து நிபுணர் ஒருவரை வரவழைப்பது என்றும் ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. எதிர்த்து ஓட்டுப் போட வேண்டியவர் அப்போது கட்லெட் வாயில் வைத்திருந்தார்.

நிபுணர் வந்தாள். பெயர் ஷின்சி. வெள்ளை உடுப்பு, வெள்ளைச் செருப்பு, தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் பேசுவது போன்ற குரல். ‘லகு வாழ்வியல்’ என்ற நிறுவனத்தில் ‘அலமாரி வழிகாட்டி’யாக இருந்தாள். தொழில் என்ன என்று கேட்டால், “நான் வேண்டாம்னு சொல்லக் கத்துக்குடுக்கறேன்” என்பாள். நம் வீட்டுக் கைக்குழந்தைகள் இதைக் கூலியில்லாமல் செய்கின்றன என்பது வேறு விஷயம்.

கீழ்க்கூடத்தில் எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஷின்சி கண்ணை மூடித் திறந்தாள்.

“துணி நம்மகிட்ட இல்ல. நாமதான் துணிகிட்ட இருக்கோம்.”

கூட்டத்தில் ஆழ்ந்த அமைதி. யாருக்கும் ஒன்றும் புரியாததால் வந்த அமைதிதான், இருந்தாலும் பார்க்க நன்றாக இருந்தது.

அன்றுதான் ‘ஓராண்டு விதி’ அறிவிக்கப்பட்டது. ஓராண்டாக உடுத்தாத துணி எதுவானாலும் வெளியே. சாக்குப்போக்கு கிடையாது, விலக்கு கிடையாது. இரக்கம் காட்டினால் அலமாரி மறுபடி நிரம்பிவிடும் என்று ஷின்சி எச்சரித்தாள்.

பக்கத்து வீட்டு லீலாமணி டீச்சர் எழுந்து நின்றார். “ஒரு சந்தேகம் மோளே. என் வீட்டுக்காரர் காஷ்மீர் போறதுக்குன்னு ஒரு கம்பளிக் கோட்டு தைச்சாரு. இன்னும் போன பாடில்ல. அதை என்ன செய்ய?”

“கோட்டை அனுப்பிடுங்கம்மா.”

“கோட்டு மட்டும் தனியா காஷ்மீர் போய் என்ன செய்யும்?”

“அம்மா, அதைப் போக விடுங்க. போக விட்டாத்தான் லேசாகும்.”

“சரி, அப்படியே இன்னொண்ணும் கேட்டுக்கறேன். வருஷக்கணக்கா ஒரு உபயோகமும் இல்லாதது கோட்டுக்குள்ளயே ஒண்ணு இருக்கு. அதையும் சேர்த்து அனுப்பிடலாமா?”

கூடம் அதிர்ந்தது. பெண்கள் ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஈப்பன் சார் மேசையைத் தட்டினார். கணவர்கள் அசையாச் சொத்து என்றும், விதி அசையும் சொத்துகளுக்கு மட்டுமே பொருந்தும் என்றும் தீர்ப்பளித்தார். அது கூட்ட நடவடிக்கைக் குறிப்பிலும் ஏறியது.

சிரிக்காதவள் சோசம்மா ஒருத்திதான். அவள் நினைப்பு முழுக்க வீட்டு அலமாரியின் மேல் தட்டில் இருந்தது.

அங்கே அவளுடைய மந்திரகோடி இருந்தது. கல்யாணத்தன்று சர்ச்சில் பாதிரியார் அச்சன் ஜெபித்துக் கொடுக்க, மாப்பிள்ளை மணப்பெண்ணின் தலையில் போர்த்துகிற பட்டுப்புடவை. அதிலிருந்து ஏழு நூல் உருவித் திரித்த சரட்டில்தான் மின்னு என்ற தாலியைக் கோத்துக் கழுத்தில் கட்டுவார்கள். நூல் உருவியவள் ஈப்பன் சாரின் அக்கா. ஓரத்தில் உருவ வேண்டியதை, அவசரத்தில் முந்தானைக்கு நடுவிலிருந்து உருவிவிட்டாள். அரக்குப் பட்டில் எறும்பு ஊர்ந்து போன மாதிரி ஒரு தடம் விழுந்தது. “மின்வாரியக் குடும்பம் இல்லையா, கம்பி இழுக்கிற மாதிரி இழுத்துட்டா” என்று சோசம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தப் புடவையை ஒருத்தி இரண்டு முறைதான் உடுத்துவாள் என்பது சோசம்மாவின் வீட்டு வழக்கம். கட்டிக்கொள்கிற அன்றைக்கு ஒரு முறை. பெட்டியில் படுத்துக் கல்லறைக்குப் போகிற அன்றைக்கு ஒரு முறை. அவள் அம்மா அப்படித்தான் போனாள். சோசம்மாவும் மூன்று மாதத்துக்கொரு தடவை அதை எடுத்து, மடிப்பு மாற்றி, கிராம்பு போட்டு, மெல்லிய வெள்ளைத் துணியில் சுற்றி வைப்பாள். “நான் கண்ணை மூடினா வீட்டைப் புரட்டிக்கிட்டு நிக்காதீங்க. மேல் தட்டு, இடது பக்கம்” என்று கணவருக்கு இடத்தையும் காட்டி வைத்திருந்தாள்.

விதி அமலுக்கு வந்ததும் ஷாரோன் ரெசிடென்சி மக்கள் தங்கள் ஒத்துழைப்பைக் காட்டினார்கள். எப்படி என்றால், ஒரு வருடமாக உடுத்தாததையெல்லாம் உடனடியாக உடுத்த ஆரம்பித்தார்கள். உடுத்திவிட்டால் விதி தொட முடியாதே! மார்கழி போனால் வியர்த்துக் கொட்டுகிற ஊரில், பல் டாக்டர் கோட்டும் சூட்டுமாக வந்து குப்பை கொட்டினார். மூன்றாம் மாடி அம்மாள் மகளின் நிச்சயதார்த்தப் பட்டோடு காய்கறி வாங்கப் போனாள். ஒரு நாள் காலை சோசம்மா லிஃப்டில் ஏறினால், லீலாமணி டீச்சர் கணவரின் காஷ்மீர்க் கோட்டுக்குள் வெந்துகொண்டு நிற்கிறார்.

“என்ன டீச்சர் இது?”

“அவருக்குக் காய்ச்சல். அதனால அவரு பங்கை நான் உடுத்தறேன். நாலு பேரு பாத்தாத்தான் கணக்காம்.”

“நான் பாத்துட்டேன். கழட்டுங்க, மயக்கம் போட்டுடப் போறீங்க.”

“நீங்க செயலாளர் வீடு. உங்க சாட்சி செல்லுமான்னு தெரியல. வாட்ச்மேனையும் பாக்கச் சொல்லிடறேன்.”

ஈப்பன் சார் இந்தத் தந்திரத்தைக் கண்டு சும்மா இருப்பாரா? ‘உடுத்துதல் என்பது மனமார உடுத்துதலையே குறிக்கும்’ என்று திருத்தம் கொண்டுவந்தார். மனமார உடுத்தினார்களா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்க ஓர் ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. மூட்டை மூட்டையாகத் துணி கீழே இறங்கியது. லகு நிறுவனத்தின் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போயிற்று. அதே வண்டி திரும்பி வரும்போது, மிச்சமிருக்கிற துணியை ஒழுங்காக வைப்பதற்கென்று கட்டம் கட்டமான பெட்டிகளைக் கொண்டுவந்து விற்றது. பெட்டிகளை வைக்க இடம் பற்றாமல் பலர் இரண்டாவது அலமாரி வாங்கினார்கள். எளிமை இப்படிப் பெருகிக்கொண்டே போனது.

ஈப்பன் சாரின் சொந்த உடைமைகளில் ஒரு சிக்கல் எழுந்தது உண்மைதான். ஓய்வு பெற்ற அன்றும் அதன் பிறகு கூட்டங்களிலும் அவருக்குப் போர்த்திய பொன்னாடைகள் ஒரு பீரோ நிறைய இருந்தன. ஒன்றைக்கூட அவர் மறுபடி தொட்டதில்லை. ஷின்சி அவற்றைப் பயபக்தியோடு பார்த்தாள். “இது துணி இல்ல சார். உங்க பயணத்தோட சாட்சி.” பீரோ மரியாதையாகப் பூட்டப்பட்டது.

அடுத்து மேல் தட்டு. அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவர் பேச்சை எடுத்தார்.

“சோசம்மா, மேல இருக்கே அந்தப் பொட்டலம்...”

“அது அங்கேயே இருக்கும்.”

“செயலாளர் வீட்டுலயே விதி மீறல்னா, நான் எந்த முகத்தோட அடுத்த வீட்டுக் கதவைத் தட்டறது?”

“இப்ப இருக்கிற முகத்தோடதான். வேற ஏது?”

“கோபப்படாதடீ. கேள்வியை முறைப்படி கேக்கறேன். கடைசியா எப்ப உடுத்தின?”

“உங்களைக் கட்டின அன்னைக்கு.”

“அடுத்து எப்ப உடுத்துவ?”

“உங்களை விட்டுட்டுப் போற அன்னைக்கு.”

“தோராயமா ஒரு தேதி சொல்ல முடியுமா?”

“கர்த்தர் இன்னும் சுற்றறிக்கை அனுப்பல இச்சாயா.”

ஈப்பன் சார் மோர்க்கறியைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தார். பிறகு, “சரி சரி, இருந்துட்டுப் போகட்டும். நான் தொடல” என்றார். சோசம்மா நம்பினாள். கட்டிக்கொண்ட மனிதர் சாப்பிட்ட கையோடு சொன்னதை எப்படி நம்பாமல் இருப்பது?

பிப்ரவரியில் மாராமண் கூட்டம் வந்தது. பம்பையாற்று மணலில் பந்தல் போட்டுப் பிரசங்கம் நடக்கும். சோசம்மா சர்ச் பெண்களோடு காலையில் போய், பொழுது சாயும்போது திரும்பினாள். காலில் இன்னும் மணல் ஒட்டியிருந்தது. கீழ்க்கூடத்தில் ஒரு பெரிய புகைப்படம் புதிதாகத் தொங்கியது. யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து அருகே போனாள். படத்தில் ஓர் அலமாரி. அதன் மேல் தட்டு துடைத்துவிட்டாற்போல் காலி. கீழே எழுதியிருந்தது: ‘பற்றற்ற தட்டு. முன்மாதிரி இல்லம்: செயலாளர்.’

அவளுடைய அலமாரிதான். இடது பக்கம் கிராம்பு ஒன்று கிடந்தது படத்தில்கூடத் தெரிந்தது.

லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறினாள். ஈப்பன் சார் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

“இச்சாயா, மேல் தட்டு எங்க?”

“எங்க போகும்? அங்கேதான் இருக்கு.”

“அதுல இருந்தது?”

அவர் ஒரு பக்கத்தைத் திருப்பினார். “அது... பயணப்பட்டுடுச்சு.”

“யாரு அனுப்பினா?”

“நானா அனுப்பலடீ. ஆய்வுக் குழு வந்து நின்னுச்சு. ஷின்சி காமிராவைத் தூக்கிட்டு நிக்கிறா. எல்லாரும் மேல் தட்டைப் பாத்தாங்க.”

“பாத்தா?”

“செயலாளர்னு எனக்கு ஒரு பொறுப்பு இருக்கில்ல?”

“புருஷன்னு ஒரு பொறுப்பு இருந்துச்சே, அது எந்த மூட்டையில போச்சு?”

இடத்தைத் தேடி அவர் அலைய வேண்டியிருக்கவில்லை. அவள் காட்டி வைத்த இடத்தில் நேராகக் கை போயிருந்தது. அந்த அளவுக்கு மனைவி சொன்னதை நினைவில் வைத்திருந்த கணவரைக் குறை சொல்வது நியாயமாகாது.

“புதுசு வாங்கித் தந்துடறேன் சோசம்மா. அதைவிட ஒசத்தியா, ஜரிகை அதிகமா...”

“வாங்குங்க. அதை என் தலையில போட நீங்க திரும்ப மாப்பிள்ளையாகணும். நூல் உருவ உங்க அக்கா கல்லறையிலிருந்து எழுந்து வரணும். ஏற்பாடு பண்ண முடியுமா?”

சோசம்மா கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். விசும்பலெல்லாம் இல்லை, வாய்விட்டு அழுதாள். அக்கம்பக்கம் கேட்டுவிடுமே என்று ஈப்பன் சார் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். இரைச்சல் குறித்த சுற்றறிக்கையும் அவர் எழுதியதுதான்.

மறுநாள் ஷின்சிக்குப் போன் போட்டாள்.

“ஆன்ட்டி, போன பொருளைத் தேடுறது பற்றோட கடைசிப் பிடி. மூச்சை நல்லா உள்ள இழுங்க.”

“இழுத்தேன்.”

“இப்ப மெதுவா விடுங்க.”

“முதல்ல புடவையைக் குடு. அப்புறம் விடறேன்.”

மறுமுனை துண்டிக்கப்பட்டது. பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் இசைதான் கேட்டது. ஈப்பன் சாரும் தம் பங்குக்கு லகு நிறுவனத்துக்கு முறையாக ஒரு கடிதம் எழுதினார். ‘தங்கள் அன்புக்கு நன்றி’ என்று முறையாகப் பதில் வந்தது.

சங்கத்தின் ஆண்டு விழாவில் ‘சிறந்த காலி அலமாரி’ விருது ஷாரோன் ரெசிடென்சியின் வரலாற்றில் முதல் முறையாக வழங்கப்பட்டது. விருது பெற்றவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. ஷின்சியே மேடையேறி ஈப்பன் சாருக்கு மஞ்சள் பொன்னாடை போர்த்தினாள். “ஒரு தட்டைக் காலி பண்ண ஒரு மனசு வேணும்” என்றாள். கைதட்டினார்கள். சோசம்மா மூன்றாவது வரிசையில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொன்னாடை அன்றிரவே பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது.

ஈஸ்டர் கழிந்ததும் கல்யாணப் பருவம் வந்தது. ஷின்சிக்கும் கல்யாணம். மாப்பிள்ளை ஜிபின் திருவல்லாக்காரன். குடியிருப்பு முழுவதற்கும் அழைப்பு. “நான் வரல” என்றாள் சோசம்மா. “செயலாளர் வீட்டுலேருந்து போகலன்னா நல்லாவா இருக்கும்?” என்றார் அவர். கிளம்பினார்கள்.

சர்ச்சில் அச்சன் ஜெபித்து முடித்தார். ஜிபின் ஒரு புடவையைப் பிரித்து ஷின்சியின் தலையில் போர்த்தினான். அரக்குப் பட்டு. சோசம்மா கழுத்தை நீட்டிப் பார்த்தாள். அரக்குப் பட்டு உலகத்தில் ஒன்றா இருக்கிறது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். பாட்டு ஒன்றும் காதில் ஏறவில்லை.

விருந்து மண்டபத்தில் மணப்பெண் அந்தப் புடவையையே உடுத்திக்கொண்டு மேடையில் நின்றாள். வாழ்த்துச் சொல்லும் வரிசை மெல்ல நகர்ந்தது. ஈப்பன் சார் மாப்பிள்ளையின் கையைக் குலுக்கி, புதுக் குடித்தனத்தில் மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது பற்றி எடுத்துரைத்துக்கொண்டிருந்தார். சோசம்மா முந்தானையைப் பார்த்தாள். நடுவில், எறும்பு ஊர்ந்து போன தடம். ஓரத்தில் இன்னொரு தடம், அன்று காலை உருவியது.

“ஆன்ட்டி! நல்லா இருக்கா?” ஷின்சியின் முகம் பூரித்திருந்தது. குரலை ஒடுக்கிப் பேசுவதைக்கூட அன்று மறந்துவிட்டாள். “எங்க கம்பெனியோட ‘மறுபிறவி’ கடையில ஜிபின் தேடிப் பிடிச்சான். நாப்பது வருஷப் பழசாம். இப்ப பழசுக்குத்தான் மதிப்பு. இந்தக் கோடு பாருங்க, அந்தக் காலத்துத் தறியில மட்டும் வர்ற தனி வேலைப்பாடாம்.”

சோசம்மா அந்தத் தடத்தை விரலால் தொட்டாள். “அழகா இருக்கு மோளே. அடுத்த வருஷம் இந்நேரம் இதை என்ன செய்வ? மறுபடி உடுத்துவியா?”

“இதையா? அடிக்கடி உடுத்தறதா இது?”

“உடுத்தலன்னா, விதிப்படி வெளிய அனுப்பணுமே.”

ஷின்சி பதறிப்போய் முந்தானையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். “ஐயோ, என்ன ஆன்ட்டி இப்படிச் சொல்றீங்க! இது மந்திரகோடி! இதைப் போய் யாராவது தூக்கிக் குடுப்பாங்களா? சாகற வரைக்கும் வச்சிருப்பேன்!”

“வச்சிருக்கணும். போற அன்னைக்குத்தான் அது வேணும்” என்றாள் சோசம்மா. “அப்புறம் அது தறி வேலைப்பாடு இல்ல மோளே. அது இவரோட அக்கா.”

முதலில் ஷின்சிக்குப் புரியவில்லை. பிறகு ஈப்பன் சாரின் முகத்தைப் பார்த்தாள். அவர் விதானத்து விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார். மார்போடு சேர்த்த முந்தானையை அவள் கை விட்டது.

“ஆன்ட்டி... எனக்குத் தெரியாது ஆன்ட்டி. பொட்டலத்தை நான் பிரிச்சுக்கூடப் பாக்கல. நான் மாத்திட்டு வந்து குடுத்துடறேன். இப்பவே...”

“வேண்டாம். அச்சன் வாழ்த்தி உன் தலையில போட்டாச்சு. இனி உன்னோடது.” சோசம்மா மணப்பெண்ணின் கன்னத்தைத் தடவினாள். அவள் மேல் கோபம் வருமென்றுதான் நினைத்திருந்தாள். வரவில்லை. “மூணு மாசத்துக்கு ஒருக்கா மடிப்பை மாத்து. ஜரிகை ஒடியாது. ஆனா எங்க வச்சிருக்கேன்னு மட்டும் புருஷன்கிட்ட சொல்லிடாத.”

வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். லீலாமணி டீச்சர் கையிலிருந்த பரிசுப் பொட்டலத்தை மறந்து வாயைப் பிளந்து நின்றார்.

“சோசம்மா, வாடீ. எல்லாரும் பாக்கறாங்க” என்றார் ஈப்பன் சார் தாழ்ந்த குரலில்.

“பாக்கட்டும். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் போற அன்னைக்கு எனக்கு என்ன உடுத்தி அனுப்புவீங்க?”

எல்லாக் கேள்விக்கும் நெறிமுறை வைத்திருந்தவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார், மூடித் திரும்பச் செருகிக்கொண்டார்.

“சரி, நானே சொல்லிடறேன். அலமாரியைக் காலி பண்ணினதுக்கு உங்களுக்கு ஒரு மஞ்சள் பொன்னாடை போட்டாங்களே, அதைப் போர்த்திடுங்க. ஒரு பெட்டி, ஒரு ஆளு, ஒரே ஒரு துணி. தேவையில்லாதது எதுவும் உள்ள இருக்காது. மூடறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக் கீழ்க்கூடத்துல மாட்டுங்க இச்சாயா. அந்த வருஷமும் முதல் பரிசு நம்ம வீட்டுக்குத்தான்.”